மலை ஏற்றம்: இல்லை

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: பட்டறைக்காரன் மாதேஷ். அவன் மனைவி பிரியங்கா. அவளுடைய அப்பா மல்லையன், காலையில் வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தவர். அவளுடைய சித்தி நஞ்சம்மாள், வலது கையில் கட்டு. அவர்களைத் தன் ஜீப்பில் கூட்டி வந்த மாது. அப்புறம் நான். ஆறு பேர்.

ஞாயிற்றுக்கிழமை. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். தருமபுரி வெயில் அதற்கு அடியில் புகுந்து முழங்கால் வரை வந்து நின்றது. தரையில் சாக்கு விரித்து அதன்மேல் கியர்பாக்ஸைக் கிடத்தியிருந்தோம். பக்கத்தில் கன்வெர்ட்டர், ஒரு பெரிய பூசணிக்காய் அளவு, வெல்டு வைத்த இரும்பு. அதை நானும் மாதேஷும்தான் இறக்கினோம். தட்டில் வடிந்த எண்ணெய் கறுப்பாக இருந்தது. நல்ல எண்ணெய் நன்னாரி சர்பத் போலச் சிவப்பாக இருக்கும்.

"இதானா அது?" என்றார் மல்லையன். கவிழ்த்துப் போட்ட டயர்மேல் உட்கார்ந்திருந்தார்.

"இதாங்க மாமா."

"என்னா நாத்தம் இது."

"எண்ணெ வெந்துடுச்சுங்க."

"எண்ணெயில மத்ததுதான் வேவும். எண்ணெயே வேவுதா?" என்றார் மாது. அவருக்கு எதிலும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "ரெண்டு வடையப் போட்டிருந்தா மலை வளைவுல நிக்கறப்ப தின்னிருக்கலாம்."

நஞ்சம்மாள் கழற்றிப் போட்டிருந்த பழைய கார் சீட்டில் சாய்ந்தபடி, "நீ அங்க நிக்கவே இல்ல, உனுக்கு என்னாத்துக்கு வடை," என்றாள்.

அவளுடைய கட்டுக்குள் நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு முடிந்திருந்தன. மலையில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் சாமையும், கொஞ்சம் காப்பிச் செடியும் உண்டு. காப்பிப் பழத்தை ஒவ்வொன்றாகத் திருகிப் பறிக்க வேண்டும். அதற்கு அந்த விரல்கள்தான் வேண்டும்.

அந்தக் கை யாரால் போனது என்று பேசி முடிக்கத்தான் வந்திருந்தார்கள். பிரியங்கா மாதேஷின் காரைத் தப்பாக ஓட்டினாள் என்று மலையில் எல்லோரும் சொன்னார்கள். மாதேஷும் அதையே சொன்னான். அது உண்மை என்று முடிவானால் மாதுவின் ஜீப் அவளுக்கு இல்லை. மாதுவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆடி முதல் ஜீப்பை அவளிடம் கொடுத்துவிடுவதாக இருந்தார். அடிவாரத்துக்கும் மலைக்கும் ஒரு நாளைக்கு நாலு நடை. அதற்காக ஓட்டுநர் உரிமத்தில் வாடகை வண்டிக்கான பதிவும் அவள் வாங்கி வைத்திருந்தாள்.

அந்த வண்டிக்குத் தப்பான கன்வெர்ட்டரைத் தேர்ந்தவன் நான். அதை அந்த அறையில் என்னையும் சேர்த்து இரண்டு பேர் அறிவார்கள்.

*

கன்வெர்ட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் பெடல் கிடையாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இது இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் மெல்லச் சுற்றும். அவ்வளவுதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றினால் எண்ணெய் இறுக்கிப் பிடித்து வண்டியைத் தள்ளும் என்பதுதான் கணக்கு. குறைந்த சுற்றில் பிடித்தால் வண்டி மெத்தென்று கிளம்பும். அதிகச் சுற்றில் பிடித்தால், இன்ஜின் தன் முழு பலத்துக்கு வந்த பிறகு பிடித்து, வண்டி பாயும். ஆனால் அந்தச் சுற்றுக்குக் கீழே ஓடுகிற நேரமெல்லாம் அது வழுக்கும். வழுக்குவதெல்லாம் சூடு.

மாதேஷிடம் ஓர் ஆறு சிலிண்டர் ஆட்டோமேட்டிக் கார் இருந்தது. இருபது வருடப் பழசு. இன்ஜினைப் பிரித்து, வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டை மாற்றி, பாய்ச்சல் பந்தயத்துக்குத் தயார் செய்திருந்தான். பெங்களூர்ப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை கால் மைல் ஓட்டம் நடக்கும். ஒரு முறை ஜெயித்துவிட்டால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திறக்கத் தெரிந்தவன் தருமபுரியில் ஒருத்தன் இருக்கிறான் என்று நாலு ஊருக்குத் தெரியும்.

நான் ஓசூரில் இரவுப் பணியை விட்டுவிட்டு வந்து எட்டு மாதமாகியிருந்தது. பகலில் தூக்கம் வராமல் அவன் பட்டறையில் கிடந்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும், டிப்ளமோ இருந்தது. கன்வெர்ட்டர் தேர்வு என் வேலையாயிற்று. யாராவது என்னிடம் எதையாவது கேட்டு மாதங்களாகியிருந்தன. மூன்று வாரம் அதையே படித்தேன்.

கோயம்புத்தூரில் ஒருவர் கன்வெர்ட்டரை அறுத்து, உள்ளே தகட்டின் சாய்வை மாற்றி, திரும்ப வெல்டு வைத்துத் தருவார். வாட்ஸாப்பில் ஒன்பது கேள்வி அனுப்பினார். வண்டி எடை, கேம் அளவு, கியர் விகிதம், டயர் உயரம். லாரி எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். காலி எடை ஆயிரத்து நானூற்று அறுபது கிலோ.

பங்குனி மாதம். பட்டறைக்கும் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அந்த நிலைப்படியில் பிரியங்கா உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள், பட்டறைச் சுத்தியலால். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம்.

"ஏழாவது என்னாண்ணா, வாய்க்குள்ளயே படிக்கறீங்க?"

"மலை ஏற்றம் உண்டா, சுமை உண்டான்னு கேக்கறாரு."

"உண்டுன்னு போடுங்க. செவ்வாக்கெழமன்னா நான் எங்கூட்டுக்குப் போறனில்ல."

"அது ரேஸ் வண்டிடி," என்றான் மாதேஷ், காருக்கு அடியிலிருந்து. "உனுக்கு ஸ்கூட்டி இருக்குது."

"ஸ்கூட்டில கேஸ் சிலிண்டர் ரெண்டு, அரிசி மூட்ட ஒண்ணு, எங்கப்பாரு ஒருத்தரு. நீங்க பின்னாடி தள்ளிக்கினு வர்றீங்களா?"

"ஜீப்புல போ."

"வருசத்துல ரேசு எத்தினி நாளு?"

"ரெண்டு."

"மலைக்கு நான் போறது?"

ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்தது.

"அம்பது தபா போறது மலைக்கு, ரெண்டு தபா போறது ரேசுக்கு. அப்ப அது எந்த வண்டி?" என்று கேட்டுவிட்டு அவள் ஒரு புளியை வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் சொன்னேன்: "உண்டுன்னு போட்டா அவரு ரெண்டாயிரத்து நானூறுல புடிக்கிற மாதிரி ஒண்ணு குடுத்துடுவாரும்மா. டவுன் பஸ்ஸு மாதிரி கெளம்பும். இத்தினி நாள் செஞ்ச வேல வீணு."

"எழுதறது நீங்க. ஏறறது நானு," என்றாள்.

ஏழாவது கேள்விக்கு நேரே 'இல்லை' என்று அடித்தேன். அவர் மூவாயிரத்து அறுநூறு சுற்றில் பிடிக்கும்படி செய்து அனுப்பினார். அனுப்பும்போது போனில் சொன்னார்: "ஓடுதளத்துக்கு அருமையா இருக்கும் தம்பி. மலைக்கு மட்டும் ஏத்திப்புடாதீங்க, எண்ணெ வெந்துரும்." சரிங்க என்றேன். மாதேஷிடம் சொன்னேன். அவனும் சரி என்றான். அவளிடம் யார் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சித்திரையில் அந்த வண்டி அதன் பிரிவில் முதலாவதாக வந்தது. திரும்பி வரும்போது கிருஷ்ணகிரியில் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். அடுத்த இரண்டு வாரத்தில் வெளியூரிலிருந்து மூன்று கார்கள் பட்டறைக்கு வந்தன. அவன் என்னைக் காட்டி, "கன்வெர்ட்டர் செலக்சன் எல்லாம் இவருதாங்க," என்று சொன்னான். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

*

வைகாசி கடைசிச் செவ்வாய். மாதேஷ் பொம்மிடிக்குப் போயிருந்தான். பிரியங்கா சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

"ரெண்டு மாசமா இதத் தொடவே வுடல. எடுத்துக்கினு போலாமாண்ணா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் ஏழாவது கேள்வி வரும். ஒருத்தி மட்டும், காலி வண்டி, ஒரு தடவை ஏறினால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

"போயிட்டு வாங்க," என்றேன்.

வத்தல்மலைக்கு எந்த வண்டியும் காலியாக ஏறாது. இது நான் அறியாததல்ல. அடிவாரத்தில் புங்க மரத்தடியில் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். மலையில் பிறந்த யாரும் அவர்களைத் தாண்டிப் போனதாக நான் கேட்டதில்லை. போனால் அடுத்த தடவை தாங்கள் நிற்கும்போது எவனும் நிறுத்தமாட்டான். வெளியூர்க்காரன் போகலாம், கெட்ட பேர் கிடையாது. பிரியங்கா போக முடியாது. அன்றைக்கு நஞ்சம்மாளையும் சேர்த்து நாலு பேர் ஏறினார்கள். டிக்கியில் இரண்டு மூட்டை ரேஷன் அரிசி, ஒரு சிலிண்டர், யாரோ வாங்கிய தகரப் பெட்டி. எடைமேடையில் நாங்கள் நிறுத்திப் பார்த்த காலி வண்டி அந்த மலையில் ஒரு நாளும் ஏறியதில்லை.

முன்னால் ஒரு டிராக்டர் போயிருக்கிறது. வளைவுகளில் நடக்கிற வேகம். கன்வெர்ட்டர் ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டே ஏறியது. பன்னிரண்டாவது வளைவில் எண்ணெய் பொங்கி வெளியே தெறித்தது. புகை. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பிறகு பின்னால் நகர்ந்தது.

பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். எல்லோரும் இறங்குங்கள், கல் வையுங்கள் என்று சொன்னாள். நஞ்சம்மாள்தான் கல் கொண்டுவந்தாள். புகையைப் பார்த்த ஒருவர் இன்ஜினை அணை என்று கத்த, அணைத்தாள். இன்ஜின் நின்றதும் பிரேக் பெடல் இறுகிப்போனது. எவ்வளவு மிதித்தும் கால் தாங்கவில்லை. லீவரை 'பார்க்' என்ற நிறுத்த நிலையில் போட்டுவிட்டுக் காலைத் தளர்த்தினாள். ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கில் போட்டதும் உடனே நிற்காது. உள்ளே ஒரு பல் போய் இன்னொரு பல்லில் விழ வேண்டும். அதுவரை ஒரு சாண் நகரும். அந்த ஒரு சாணில் நஞ்சம்மாளின் கை இருந்தது.

*

"அதாங்க மாமா," என்றான் மாதேஷ். "ஹேண்ட்பிரேக்க மொதல்ல போடணும். அப்பறம்தான் பார்க்கு. இவ ரெண்டையும் மாத்திட்டா. இது டிரைவிங் ஸ்கூல்லயே சொல்றதுதான்."

"போட்டன்," என்றாள் பிரியங்கா. நிலைப்படியில் நின்றிருந்தாள். "புடிக்கல. அஞ்சு பேரு, ரெண்டு மூட்ட. அது புடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"அத்தினி பேர ஏத்தச் சொன்னது யாரு?"

"எங்க சித்தி நிக்கறா. தாண்டிப் போவட்டுமா?"

"இந்தா, சண்ட போட வர்ல," என்றார் மல்லையன். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இத்தப் பண்ணது வண்டியா, புள்ளயா. வண்டின்னா மாப்ள பாத்துக்கட்டும். புள்ளன்னா, நாளைக்கி ஜீப்புல பத்துப் பேர ஏத்திக்கினு இதே வளைவுல போவப் போறவ. ஊரு கேக்குது, நான் பதில் சொல்லணும்."

"பத்துப் பேரா," என்றார் மாது. "பதினாலு."

"நீ சும்மா இரு."

மல்லையன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவரு. இந்த ஊட்டு ஆளும் இல்ல, எங்கூட்டு ஆளும் இல்ல. அதான் உங்களயும் இருக்கச் சொன்னது. இந்தச் சாமான்ல எதுனா தப்பு இருக்குதா?"

மாதேஷ் என்னைப் பார்க்கவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஒரே இடத்தை. வெளியூர்க் கார்கள் மூன்றும் அவனுக்குப் பின்னால் நின்றன. பிரியங்கா என்னைப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை. புளி தட்டும்போது பார்த்த அதே பார்வை.

"கன்வெர்ட்டர்ல தப்பு இல்லைங்க," என்றேன்.

அது பொய்யில்லை. என்ன கேட்டோமோ அதைச் செய்து கொடுத்திருந்தார்கள். நான் அந்த வாக்கியத்தை முந்தின நாளே தயார் செய்து வைத்திருந்தேன்.

மல்லையன் தலையாட்டினார். பிறகு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கற்பூரம்.

"என்னாத்துக்கு மாமா இதெல்லாம்," என்றான் மாதேஷ். அவன் குரல் மாறியிருந்தது.

"ஊருக்கு நான் சொன்னா கேக்கமாட்டாங்க. சாமி பேர்ல சொன்னாத்தான் கேப்பாங்க. கண்ணு, வா. இனிமே ஸ்டேரிங்கத் தொடமாட்டன்னு சத்தியம் பண்ணி அணைச்சிரு. சித்திக்கு முன்னால பண்ணு, போதும்."

பிரியங்கா வந்தாள். கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வாஷர்மேல் அவர் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தார். எண்ணெய்த் தட்டை நான் காலால் தள்ளி வைத்தேன். அதற்கு மட்டும் எனக்குக் கை கால் வந்தது. அவள் குனிந்து, உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள். நிமிர்ந்தபோது கையைப் பார்த்துக்கொள்ளவில்லை.

"வாயால சொல்லலியே," என்றார் மாது.

"அணைச்சா சொன்ன மாதிரிதான்," என்றார் மல்லையன்.

அப்போதுதான் நஞ்சம்மாள் பேசினாள். அவள் சீட்டிலிருந்து எழவில்லை.

"தம்பி, எனக்குத் தப்பு சரி எல்லாம் வெளங்காது. ஒண்ணு கேக்கறன். அந்த வண்டி எங்க மலைக்கு ஏறுமா, ஏறாதா?"

அதற்கு நான் எதையும் தயார் செய்திருக்கவில்லை.

"ஏறாதுங்க."

"யார் ஓட்டுனாலும்?"

"யார் ஓட்டுனாலும்."

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"வாங்கறப்பவே."

"அருளு," என்று என்னைத் தடுத்தான் மாதேஷ்.

நான் சொல்லிவிட்டேன். ஒன்பது கேள்வி, ஏழாவது, அவள் உண்டு என்று போடச் சொன்னது, நான் இல்லை என்று போட்டது, கோயம்புத்தூர்க்காரர் சொன்னது, செவ்வாய்க்கிழமை போயிட்டு வாங்க என்று சொன்னது. மாதேஷுக்கும் தெரியும் என்பதையும் சேர்த்துத்தான். பேச ஆரம்பித்தால் சுலபமாக வந்தது. அதுதான் அசிங்கமாக இருந்தது.

தேசிய நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது.

"இத்த அஞ்சு நிமிசம் முன்னாடி சொல்லியிருந்தா?" என்றார் மாது. இப்போது அவர் விளையாடவில்லை.

மல்லையன் வாஷரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கறுப்பாக ஒரு வட்டம்.

"மாமா, அது செல்லாதுங்க," என்றான் மாதேஷ். "தெரியாமப் பண்ணது."

"நீ பேசாத."

"செல்லாதுதான் மல்லையா," என்றார் மாது. "பொய்யக் கேட்டுட்டுப் பண்ண சத்தியம்."

"இவரு சொன்னதுதான் பொய்யி. அவ அணைச்சது பொய்யா? பத்த வச்சது நானு. அவ நான் பெத்த புள்ள. எனக்குன்னா சத்தியத்த எடுத்துப் போட்டுருவன். நாளைக்கி அந்த ஜீப்புல பதினாலு பேரு ஏறுவாங்க. வளைவுல ஒரு கல்லு உருண்டாலும், சத்தியத்த மீறிட்டு ஓட்டறா பாருன்னுதான் சொல்லுவாங்க. அவளுக்கே அப்படித்தான் தோணும். அந்த நெனப்போட எவ மலையில ஓட்டுவா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அதை வியர்வை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

"அப்ப நானேதான் ஓட்டணும்," என்றார் மாது. "வளைவெல்லாம் மனப்பாடம், அது பிரச்சன இல்ல. எதுத்தாப்பல வர்றவன்தான் மனப்பாடம் ஆவமாட்டங்கறான்."

"பிரியங்கா," என்றேன்.

"நேத்து ஒரு நா பூரா பட்டறையிலதான இருந்தீங்க," என்றாள். "நான் நாலு தபா டீ கொண்டாந்தன். நாலு தபாவும் டம்ளர வாங்கிக்கினீங்க."

நஞ்சம்மாள் இடது கையை ஊன்றி எழுந்தாள். என் பக்கத்தில் வந்து நின்று, கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

"இது வலிக்குது, போயிரும். நான் கல்லு வைக்கப் போனது என் இஷ்டம். இதுக்காவ நீ ஒண்ணும் நெனச்சுக்க வேணாம்," என்றாள். "அவளுதுக்கு நெனச்சுக்க."

பிரியங்கா இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தாள். நகத்தால் வளையத்தைப் பிரித்துக் கார்ச் சாவியை மட்டும் உருவினாள். அது சுலபத்தில் வரவில்லை. கற்பூரம் சுட்ட உள்ளங்கை படாமல் விரல் நுனியாலேயே செய்ததால் நேரம் எடுத்தது. யாரும் உதவப் போகவில்லை. உருவிய சாவியைக் கன்வெர்ட்டர் மேல் வைத்தாள். மிச்சம் இருந்தது வீட்டுச் சாவி ஒன்றுதான்.

"சித்தி, வா. சாப்ட்டுப் போவலாம். களி கிளறி வச்சிருக்கன். அவரக்கொட்டக் கொழம்பு. உனக்கு நான் உருட்டித் தர்றன்."

நஞ்சம்மாள் உள்ளே போனாள். "அப்பா, நீயும் வா. வெறும் வயித்தோட மலை ஏறுவியா?" மல்லையன் எழுந்து, யாரையும் பார்க்காமல் போனார். "மாதண்ணா." மாது எண்ணெய்த் தட்டை மிதித்துவிடாமல் இருக்கத் தரையைக் காலால் தடவித் தடவி நடந்தார். அந்த வெளிச்சத்திலேயே அவருக்குத் தட்டு தெரியவில்லை.

மாதேஷ் கைத்துணியைப் போட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தான்.

"ஓட்டல் இருக்குதில்ல ரோட்டுக்கு அந்தப் பக்கம்," என்றாள். "ரெண்டு பேரும் அங்க பாத்துக்கங்க. ரேசுக்குப் போனப்ப சாப்டீங்களே, அந்த மாதிரி."

"பிரியா, இது என் வூடு."

அவள் நிலைப்படியைத் தாண்டினாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே மணை போடும் சத்தம் கேட்டது, தண்ணீர்ச் செம்பு வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் பூட்டுக்குள் சாவி நுழைந்து, ஒரு சுற்று, இன்னொரு சுற்று திரும்பியது.